நிப்பா நம் மாநிலத்து ஊரின் பெயர்: டிசம்பர் பயணத்துக்கு முன் ஒரு கேள்வி

கேள்வி, 17 செப்டம்பர் 2023

டிசம்பர் 16-இல் பள்ளி விடுமுறை தொடங்கியதும் குடும்பத்தோடு இந்தியா செல்கிறோம். அப்பா மாலை போட்டுச் சபரிமலைக்கு வருகிறார். அதற்கு முன் குருவாயூர், பிறகு திருச்செந்தூர், கடைசியில் துறையூர்ப் பக்கம் குலதெய்வக் கோயில். கோழிக்கோட்டில் நிப்பா வைரஸ் காய்ச்சல் என்று செய்தியில் பார்த்ததிலிருந்து அம்மா கேரளாவே வேண்டாம் என்கிறார். நிப்பாவுக்கு ஊசி இருக்கிறதா? விமானச் சீட்டை ரத்து செய்துவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நானும் மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள ரந்தாவ்காரன்தான்.

18 செப்டம்பர் 2023

ரந்தாவில் இருக்கும் ஓய்வு பெற்ற தோட்டத்து டிரஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர், பதில் சொல்கிறேன். ஊசி இல்லை; அதற்கென்று நிரூபிக்கப்பட்ட மருந்தும் இல்லை. ஆயினும் சீட்டை ரத்து செய்ய வேண்டியதில்லை.

கோழிக்கோட்டில் இதுவரை உறுதி செய்யப்பட்டவர்கள் 6 பேர்; அவர்களில் 2 பேர் இறந்துவிட்டார்கள். இந்த நோய் சந்தையில் நடந்து போகிறவரைத் தேடி வந்து பிடிப்பதில்லை. நோயாளியின் எச்சில், சளி, சிறுநீர் ஆகியவற்றுக்கு அருகில் இருப்பவரை, அதாவது பக்கத்தில் அமர்ந்து கவனித்துக்கொள்ளும் மனைவியையும் மகனையும் தாதியையும்தான் பிடிக்கிறது. 2018-இல் அதே பகுதியில் 17 பேர் இறந்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் தொற்றிய இடம் மருத்துவமனை. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த தாதி லினி புதுச்சேரி இறந்ததும் அப்படித்தான். ஆகவே அங்கே உறவினர் எவரேனும் காய்ச்சலில் படுத்திருந்தால், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகும் நம் வழக்கத்தை இந்த ஒரு பயணத்தில் விட்டுவிடுங்கள். தரையில் கிடக்கும் பழத்தையும், ஏதோ ஒன்று கடித்த பழத்தையும் தொடாதீர்கள். கிளி கொத்திய பழம் இனிக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதே மரத்துக்கு இரவில் நிப்பாக் கிருமியைச் சுமக்கும் வௌவாலும் வருகிறது.

இன்னொன்றையும் அம்மாவிடம் சொல்லுங்கள். நிப்பா என்பது கேரளத்துப் பெயர் அன்று. அது நம் நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயர். அந்தக் காலத்தில் மலையாளிகள்தான் நம்மைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும்.

19 செப்டம்பர் 2023

நேற்று எழுதிய கடைசி வரியைப் படித்துவிட்டு இளையவர்கள் சிலர் நம்ப மறுக்கிறார்கள். ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

1998-1999இல் நான் ரந்தாவை அடுத்த ஒரு தோட்டத்தில் டிரஸ்ஸராக இருந்தேன். தோட்டத்து மருத்துவமனை என்று பெயர்தானே தவிர, எட்டுக் கட்டிலும் ஒரு மருந்து அலமாரியும் நானும்தான் அது. பன்றிப் பண்ணைகள் நிறைந்த புக்கிட் பெலண்டோக்கும் சுங்கை நிப்பாவும் எங்களிடமிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தொலைவில் இருந்தன. அங்கே காய்ச்சலும் தலைவலியும் வந்து, பிறகு நினைவிழந்து, மனிதர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். முதலில் வைக்கப்பட்ட பெயர் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பன்றியின் உடலில் பெருகி, கியூலெக்ஸ் கொசுவின் வழியாக மனிதனை அடையும் நோய் அது. ஆகவே கொசுப் புகை அடித்தார்கள். பன்றிகளுக்கும் மனிதர்களுக்கும் அந்த நோய்க்குரிய தடுப்பூசியைப் போட்டார்கள். எங்கள் லயத்து வீடுகளிலும் மாலை நேரத்தில் புகை வண்டி வந்தது. பிள்ளைகள் அதன் பின்னால் ஓடினார்கள். நான் கத்திக்கொண்டே அவர்களின் பின்னால் ஓடினேன்.

ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பண்ணையில் பன்றியைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். கொசு எல்லோரையும் கடிக்கிறது, ஆனால் அதே ஊரில் பன்றியின் பக்கமே போகாதவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. பன்றிகளும் உரத்து இருமிக்கொண்டு செத்தன. 1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங் நோயாளியின் மூளைத் தண்டுநீரிலிருந்து இதுவரை எவரும் பார்த்திராத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் திசை மாறியது. புகை வண்டிகள் போய் இராணுவ வண்டிகள் வந்தன. ஏறத்தாழ பத்து இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. மலேசியாவில் நோயுற்றவர்கள் 265 பேர், இறந்தவர்கள் 105 பேர்.

புக்கிட் பெலண்டோக்கிலிருந்து வெளியேறிய குடும்பம் ஒன்று ரந்தாவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தது. கடைக்காரர் அவர்கள் கொடுத்த சில்லறையை ஒரு பாத்திரத்து டெட்டால் தண்ணீரில் போட்டு வாங்கினார். அதைத் தவறு என்று சொல்ல வேண்டிய பொறுப்பில் இருந்த நான் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கும் பயமாக இருந்தது. இன்று கேரளத்துக்காரர்களைப் பற்றி நாம் பேசும்போது அந்த டெட்டால் பாத்திரம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

21 செப்டம்பர் 2023

திருத்தம். ஈப்போவிலிருந்து எழுதிய வாசகர் சொல்வது சரி. நான் எழுதிய விதத்தில் நோய் நம் மாநிலத்திலேயே தொடங்கியதைப் போன்ற எண்ணம் வருகிறது. முதல் நோயாளிகள் 1998 செப்டம்பரில் பேராக்கில், ஈப்போவுக்கு அருகிலுள்ள பண்ணைகளில் காணப்பட்டார்கள். விலை இறங்கியபோது அங்கிருந்து விற்கப்பட்ட பன்றிகள் தெற்கே வந்தன. லாரி பன்றியோடு நோயையும் ஏற்றி வந்தது. சிங்கப்பூரில் மலேசியப் பன்றிகளை அறுத்த கூடத்தில் வேலை செய்தவர்களில் 11 பேருக்கு நோய் கண்டது, ஒருவர் இறந்தார். பெயர் மட்டும் நமக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த வாசகர் இன்னொன்றையும் நினைவூட்டினார். பண்ணைகளில் பன்றித் தொழுவத்தை ஒட்டிப் பழ மரங்கள் நட்டிருந்தார்கள். வௌவால் தின்று போட்ட மிச்சம் தொழுவத்தில் விழுந்தது. வங்காளதேசத்தில் பன்றி இடையில் இல்லாமலேயே, பேரீச்ச மரத்தில் இரவில் கட்டிய கலயத்தில் வௌவால் வாய் வைத்து, அந்தப் பச்சைச் சாற்றை விடியற்காலையில் குடித்தவர்களுக்கு நோய் வந்திருக்கிறது. பதநீர் குடிக்கலாமா என்று உடனே ஒருவர் கேட்டுவிட்டார். மூடியில்லாத கலயத்தில் இறக்கிய பச்சைப் பதநீரை நான் குடிக்க மாட்டேன். காய்ச்சிக் கருப்பட்டியாக வந்தால் இரண்டு கிலோ வாங்கி வருவேன்.

27 செப்டம்பர் 2023

இனி, தம்பி கேட்காமல் விட்டதைப் பற்றி எழுதுகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிப்பாவுக்காக இழக்கும் தூக்கத்தில் பாதியை டைபாய்டுக்கும், கால் பங்கை நாய்க்கும் ஒதுக்குவேன்.

டைபாய்டு ஊசியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் உணவுக் கடையில் வேலை செய்பவர்கள் அதைப் போட்டுக்கொண்டே ஆக வேண்டும் என்பதால், உங்கள் குடும்பத்தில் யாரேனும் ஏற்கெனவே போட்டிருக்கலாம். மூன்று ஆண்டு ஆகிவிட்டதா என்று மட்டும் அட்டையைப் பாருங்கள். அது முழுக் கவசம் அன்று. பாராடைபாய்டை அது தடுக்காது. இந்தியாவில் வரும் டைபாய்டு பல பழைய மாத்திரைகளுக்கு அடங்குவதில்லை என்பதால், வந்த பிறகு மருந்து தேடுவதைவிட வராமல் பார்ப்பது மலிவு. மஞ்சள் காமாலை வகைகளில் ஒன்றான ஹெப்படைட்டிஸ் ஏ உணவாலும் தண்ணீராலும் பரவுகிறது. அதற்கும் ஊசி உண்டு.

நாய்க்கடி என்றால் தையலும் டெட்டனஸ் ஊசியும் என்று தீபகற்பத்தில் வளர்ந்த நாம் நினைத்துப் பழகிவிட்டோம். சரவாக்கில் 2017 முதல் வெறிநோய் இருக்கிறது. இந்தியாவில் எப்போதும் இருக்கிறது. பிள்ளையை நாயோ குரங்கோ கடித்தால், கீறினாலும்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும். அன்றே ஊசியைத் தொடங்குங்கள். இரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினையும் கேட்டு வாங்குங்கள். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக் கூடாத ஒரே விஷயம் இது. அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை.

28 செப்டம்பர் 2023

கோயில் தீர்த்தத்தை எப்படி மறுப்பது என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மறுக்க வேண்டாம். உள்ளங்கையில் வாங்கித் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். குருவாயூரப்பன் கோபிக்க மாட்டார்.

2 அக்டோபர் 2023

நைரோபிக்கு வேலையாகப் போகும் மருமகனுக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்டதால் சற்று விலகிப் போகிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். அந்த நோய் ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் மட்டுமே இருக்கிறது. அதைச் சுமக்கும் ஏடிஸ் கொசுவோ நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஆகவேதான் அந்த நாடுகளிலிருந்து வருகிறவரிடம் மலேசியா சான்றிதழ் கேட்கிறது. இந்தியா இன்னும் கண்டிப்பு. சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து போய் இறங்கினால் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். பத்து ஆண்டுக்கு ஒரு முறை மறுபடியும் போட வேண்டும்.

4 அக்டோபர் 2023

மேலே உள்ள குறிப்பின் கடைசி வாக்கியம் தவறு. நான் வேலையில் இருந்த காலத்துப் பாடத்தை அப்படியே ஒப்பித்துவிட்டேன். 2016 ஜூலை முதல் ஒரே ஊசியின் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆனால் பத்து என்ற எண் முழுவதுமாகப் போய்விடவில்லை: ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும். மருமகன் விமானம் ஏறும் அன்று காலையில் போட்டுக்கொண்டால் கை வலி மட்டும்தான் மிச்சம்.

15 அக்டோபர் 2023

இதை எழுத வேண்டுமா என்று சில நாள் யோசித்தேன். டிரஸ்ஸர் என்று இங்கே மதித்துக் கேட்கிறார்கள். என் முட்டாள்தனத்தையும் தெரிந்துகொள்ளட்டும்.

2011 பிப்ரவரியில், ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில், நாமக்கல் பக்கம் உள்ள எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தேன். கோயில் என்பது ஒரு வேலும் இரண்டு கல்லும். சுற்றிலும் முள்ளும் புதரும். 11-ஆம் தேதி அங்கே பொங்கல் வைத்து, புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். 14-ஆம் தேதி ஊர் திரும்பினேன். 25-ஆம் தேதி கடுமையான காய்ச்சலும், கண்ணைத் திறக்க முடியாத தலைவலியும் வந்தன. சிரம்பானில் ஒரு கிளினிக்குக்குப் போனேன்; அதன் பெயர் இங்கே தேவையில்லை. இரத்தத்தட்டுகள் குறைந்திருந்தன, எங்கள் தாமான் குடியிருப்பில் அந்த மாதம் புகை அடித்திருந்தார்கள், ஆகவே டெங்கி என்று சொல்லிவிட்டார்கள். டெங்கிச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றபோதும் நாள் கடந்துவிட்டதால் அப்படி இருக்கும் என்றார்கள். நானும் தலையாட்டினேன். முப்பத்தைந்து ஆண்டு காய்ச்சல் கண்டவன், பத்து நாளுக்கு முன் இந்தியாவில் இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கவில்லை, ஆகவே சொல்லவில்லை.

ஆறாம் நாள் மூச்சு வாங்கியது. வேறு மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர், என் மகளைவிடச் சின்னவர், இடுப்பு வேட்டியைத் தளர்த்தச் சொல்லி உடல் முழுவதும் பார்த்தார். அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, சிகரெட் நெருப்புப் பட்டது போல, வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. நான் அதைக் கயிறு உரசிய புண் என்று நினைத்திருந்தேன். உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்த இடம் அது. டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள், மலிவான மாத்திரை, இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது.

உண்ணிக் காய்ச்சல் எனக்குப் புதிய பெயரும் அன்று என்பதுதான் வெட்கம். 1920-களில் மலாயாவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களைப் பார்த்துத்தான், நகரத்தில் வரும் டைபஸ் காய்ச்சலும் (இது டைபாய்டு அன்று) புதரில் வரும் டைபஸான உண்ணிக் காய்ச்சலும் வேறு வேறு என்று கோலாலம்பூர் ஆய்வுக்கழகத்தில் பிரித்தறிந்தார்கள். 1948-இல் இதே நோய்க்குக் குளோராம்பெனிக்காலைச் சோதிக்க அமெரிக்கர்களான ஸ்மேடலும் கூட்டாளிகளும் கோலாலம்பூருக்கு வந்தார்கள். உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்த நோயாளிகளில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு, அதுவும் குணமானது. டைபாய்டுக்கு முதன்முதலாக ஒரு மருந்து கிடைத்தது இப்படி ஆள்மாறாட்டத்தால்தான். பயிற்சியில் எனக்குப் பிடித்த கதை இது. என் சொந்த இடுப்பில் வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

17 அக்டோபர் 2023

பகாவிலிருந்து எழுதும் ஆசிரியை என்னை மடக்கிவிட்டார். "நாமக்கல்லில்தான் கடித்தது என்று எப்படித் தெரியும்?" என்கிறார்.

தெரியாது. கடிக்கும் காய்ச்சலுக்கும் இடைவெளி 6 முதல் 21 நாள். 11-ஆம் தேதியிலிருந்து கணக்கிட்டால் 14 நாள், பொருந்துகிறது. ஆனால் ஊர் திரும்பிய மூன்றாம் நாள், 17-ஆம் தேதி, வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி முழங்கால் அளவு வளர்ந்திருந்த லாலாங் புல்லை நான்தான் வெட்டினேன். அங்கிருந்து எட்டு நாள், அதுவும் பொருந்துகிறது. இத்தனை ஆண்டும் நாமக்கல் காய்ச்சல் என்றே வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தக் குலதெய்வத்துக்கு நான் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கலாம்.

ஆகவே முந்தைய குறிப்பை இப்படித் திருத்துகிறேன். மருத்துவரிடம் இந்தியாவுக்குப் போனேன் என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தத் தேதியில் எங்கே இருந்தேன், என்ன தின்றேன், எதில் உட்கார்ந்தேன், திரும்பி வந்து என்ன செய்தேன் என்று தேதியோடு சொல்ல வேண்டும். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள். ஊசியைவிட மலிவு.

29 அக்டோபர் 2023

கோழிக்கோட்டில் கடைசி நோயாளிக்குப் பிறகு 42 நாள் காத்திருந்து நோய் முடிந்ததாக அறிவித்துவிட்டார்கள். நோய் உடலில் ஒளிந்திருக்கும் காலத்தை 21 நாள் என்று கொண்டு, அதன் இரு மடங்கு. அம்மாவுக்குக் காட்டுங்கள்.

அது என்ன 42 நாள் காத்திருப்பு என்று சலித்துக்கொள்ளும் இளையவர்களுக்கு என் பாட்டியின் கதையைச் சொல்கிறேன். அவர் 1937-இல் கங்காணியோடு நாகப்பட்டினம் முகாமிலிருந்து ரஜூலா கப்பலில் ஏறினார். முகாமில் அம்மை குத்தினார்கள். அந்தத் தழும்பு கடைசி வரை கையில் காசு அளவுக்கு இருந்தது. கரையேறியது பினாங்கில் அல்ல; எதிரே, வருகிறவர்களைத் தனியாக வைத்த ஜெரஜாக் தீவில். துணியெல்லாம் ஆவியில் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்றும், கல்யாணச் சேலையின் சாயம் போய்விட்டது என்றும் சொல்லி, எண்பது வயதிலும் வெள்ளைக்காரனைத் திட்டுவார். அம்மைக்கு மாரியம்மனையும் ஊசியையும் சேர்த்தே நம்பியவர். அவரிடம் கேட்டிருந்தால் இரண்டும் வெவ்வேறு இலாகா என்று சொல்லியிருப்பார்.

5 நவம்பர் 2023

"நம் நாட்டில் மலேரியாவே இல்லை, இந்தியாவில்தான் இருக்கிறது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். பாதி சரி. மனிதனிடமிருந்து மனிதனுக்குக் கொசு கடத்தும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் எவருக்கும் தொற்றவில்லை. ஆனால் குரங்கிடமிருந்து வரும் நோலெசி மலேரியா இருக்கிறது. 1965-இல் பகாங் காட்டுக்கு வந்துபோன ஓர் அமெரிக்க நில அளவையாளரிடம்தான் அது மனிதருக்கு இயற்கையாகத் தொற்றியது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2004-இல் சரவாக்கின் காப்பிட்டில், வேறு வகை மலேரியா என்று நினைக்கப்பட்ட நோயாளிகளில் பெரும்பகுதியினருக்கு இதுதான் என்று டாக்டர் பல்பீர் சிங்கும் கூட்டாளிகளும் காட்டினார்கள். இங்கேயும் பார்த்தீர்களா, பெயர் மாறிக் கிடந்திருக்கிறது. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஒன்று சாதுவானது, மற்றது 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகி ஆளைச் சாய்த்துவிடக்கூடியது.

இந்தியாவைப் பொறுத்தவரை, சென்னையில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரும் கொசு வைவாக்ஸ் மலேரியாவைக் கடத்துகிறது. அது கல்லீரலில் உறங்கி மாதங்கள் கழித்தும் எழும். ஆகவே மார்ச் மாதத்தில் குளிர் காய்ச்சல் வந்தாலும் டிசம்பர்ப் பயணத்தைச் சொல்லுங்கள்.

மலேரியா என்றால் எனக்கு மால்கம் வாட்சனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1901-இல் கிள்ளானில் சதுப்பை வடித்து நோயை அடக்கியவர். கடலோரத்தில் காட்டை வெட்டி வெயில் பட வைத்ததும் கொசு போயிற்று. அதே பாடத்தை மலையடிவாரத் தோட்டங்களுக்கு எடுத்துச் சென்றபோது தலைகீழாக முடிந்தது, ஏனென்றால் அங்கே இருந்த வேறு வகைக் கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் பிடிக்கும். வெட்ட வெட்ட நோய் பெருகிற்று. நம் பாட்டன்மார் கொயினா மாத்திரையைத் துப்பிவிட்டார்கள் என்று தோட்டத்துப் பழைய பதிவேடுகளில் குறை எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கசப்பை நாக்கில் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் அவர்கள் பக்கம்தான் நான்.

21 நவம்பர் 2023

உம்ராவுக்குப் போகும் சகோதரருக்குச் சுருக்கமாக: மெனிங்கோகோக்கல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டகப் பண்ணைக்குப் போக வேண்டாம், பச்சை ஒட்டகப் பால் வேண்டவே வேண்டாம். 2014 ஏப்ரலில் ஒட்டகத்திலிருந்து தொற்றும் மெர்ஸ் என்ற மூச்சுநோயின் முதல் மலேசிய நோயாளி, ஜொகூர்க்காரர், உம்ராவிலிருந்து திரும்பி இறந்தார். அங்கே அவர் ஒட்டகப் பால் குடித்திருந்தார்.

10 டிசம்பர் 2023

இன்னும் ஆறு நாள். தம்பி அனுப்பிய பைப் பட்டியலைப் பார்த்தேன். மூன்று வகை ஆன்டிபயாட்டிக் எதற்கு? எடுத்து வையுங்கள் வெளியே. வயிற்றுப்போக்குக்கு உப்புக் கரைசல் பொட்டலம் பத்து, பாராசிட்டமோல் ஓர் அட்டை, கொசு மருந்து, காலுக்கு மூடிய செருப்பு. காய்ச்சலுக்கு இபுபுரோபனும் ஆஸ்பிரினும் வேண்டாம். டெங்கியாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். அப்பாவின் சர்க்கரை மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். பயணத்தில் நான் பார்த்த பெரும்பாலான மயக்கங்களுக்குக் காரணம் கிருமி அன்று, காணாமற்போன பெட்டி.

சென்னையில் மிக்ஜாம் புயல் வெள்ளம் இப்போதுதான் வடிகிறது. நீங்கள் திருச்சியில் இறங்குவதால் கவலை இல்லை.

19 டிசம்பர் 2023

கவலை இல்லை என்று எழுதிய ஒன்பது நாளுக்குள், திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்கிறார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று பல நூறு பயணிகளோடு நின்றுவிட்டது. இனி நான் வானிலை சொல்வதில்லை.

தம்பி, நீங்கள் இன்னும் கேரளத்தில்தான் இருக்கிறீர்கள் என்று தெரிந்து நிம்மதி. திருச்செந்தூரை விட்டுவிடுங்கள், முருகன் பத்துமலையிலும் இருக்கிறார். போயே ஆக வேண்டும் என்றால் வெள்ளத் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த நீர் கால் வெடிப்பின் வழியாகவே எலிக் காய்ச்சலைக் கொடுக்கும்; நம் ஊரில் ஆற்றில் குளித்துவிட்டு வந்து படுப்பவர்களுக்கு வருவதும் அதுதான். இறங்கிவிட்டால், தேதியைத் துண்டுத் தாளில் எழுதுங்கள். சபரிமலைக் கூட்டத்தில் அப்பாவுக்கு முகக்கவசம் போடுங்கள், கேரளத்தில் ஜேஎன்.1 என்ற புதிய கோவிட் வகையைக் கண்டிருக்கிறார்கள். இங்கேயும் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

2 ஜனவரி 2024

எல்லோரும் நலமாகத் திரும்பிவிட்டார்கள். இளைய பிள்ளைக்கு மட்டும் ஒரு நாள் வயிற்றுப்போக்கு. காரணம் பேருந்து நிலையத்துக் குல்பி. எனக்கு இரண்டு கிலோ கருப்பட்டி வந்திருக்கிறது.

18 ஜனவரி 2024

தம்பியின் அம்மாவுக்கு, அதாவது கேரளாவே வேண்டாம் என்றவருக்கு, பொங்கலுக்கு மறுநாள் காய்ச்சல். வீட்டில் எல்லோருக்கும் வாயில் வந்த முதல் சொல் நிப்பா. தம்பி அந்தத் துண்டுத் தாளைக் கொண்டுபோய்க் கிளினிக்கில் கொடுத்திருக்கிறார். மருத்துவர் அதைப் பார்த்து, ஊர் திரும்பியது டிசம்பர் 31, காய்ச்சல் தொடங்கியது ஜனவரி 16, இடையில் 16 நாள் என்று எண்ணிக்கொண்டே என்எஸ்1 சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். டெங்கி. கொசு கடித்து அதிகம் போனால் 14 நாளுக்குள் வந்துவிட வேண்டிய நோய். ஆகவே கடித்தது இந்தியக் கொசு அன்று, ரந்தாவ்க் கொசு. 2023-இல் இந்த நாட்டில் ஓர் இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கி கண்டது, 100 பேர் இறந்தார்கள். நான்கு மாதமாகக் கேரளத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கவனம் அதிகம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், இவற்றில் ஒன்று கண்டாலும் நள்ளிரவென்று பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

22 ஜனவரி 2024

அம்மா தேறிவிட்டார். கஞ்சி குடிக்கிறார், மருமகளைத் திட்டுகிறார்.

டெங்கி கண்ட வீட்டைச் சுற்றி 200 மீட்டருக்குச் சுகாதார அதிகாரிகள் வீடு வீடாகப் பார்ப்பார்கள். தம்பியின் வீடு எனக்கு மூன்று வரிசை தள்ளி. இன்று காலை என் வீட்டுக்கும் வந்தார்கள். இரண்டு இளைஞர்கள், மரியாதையான பிள்ளைகள். நான் அவர்களுக்குக் காப்பி கொடுத்து, 1999-ஐப் பற்றிப் பேசிக்கொண்டே முன்னால் நடந்தேன். வேலியோரம் வந்ததும் ஒருவர் குனிந்து கைவிளக்கை அடித்தார். தோட்டத்தை விட்டு வரும்போது ஞாபகத்துக்காகக் கொண்டுவந்த, ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளில் செடி வைத்திருக்கிறேன். வைத்தது போக மூன்று மங்கு மழைத் தண்ணீரோடு சும்மா கிடந்தன. இரண்டில் கொசுப்புழு நெளிந்தது.

கொம்பாவுன், அதாவது அபராதம், 500 ரிங்கிட் வரை போகலாம் என்றார்கள். காப்பியைக் குடித்துவிட்டுத்தான் எழுதினார்கள்.